ஒரு எச்பி மோனோபிளாக் மொத்தம் எத்தனை? கோவை பம்புக் கடை ஒன்றில் பொருள் படிநிலை அமைத்த விவரம்

முதலாளி கேட்டது ஒரே ஒரு கேள்வி. “ஒரு எச்பி மோனோபிளாக், எல்லாக் கம்பெனியும் சேர்த்து, இப்ப மொத்தம் எத்தனைங்க கையில இருக்கு?” எச்பி என்றால் குதிரைத்திறன், மோனோபிளாக் என்றால் மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக வருவது. கணக்குப் பார்க்கும் அக்கா காலை பத்தரைக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்து உட்கார்ந்தார். பதில் வரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. வந்த எண்ணிக்கையும் சரியில்லை, ஏனென்றால் ஒரு பிராண்டின் பம்புகளை மட்டும் கம்பெனி பில்லில் இருந்தபடியே 0.75 கிலோவாட் என்று ஏற்றி வைத்திருந்தார்கள். அதுவும் அதே ஒரு எச்பி பம்புதான், ஆனால் எச்பி என்று தேடினால் கண்ணில் படாது.

நான் இஆர்பிநெக்ஸ்ட் என்ற வணிக மென்பொருளை நிறுவிக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். கோவை நகருக்குள் ஒரு கடை, ஊருக்கு வெளியே ஒரு குடோன், பொள்ளாச்சியில் ஒரு கிளை என்று பம்பு, பைப், உதிரிப் பாகம் விற்கும் ஒரு நிறுவனத்துக்காக 2023 டிசம்பரில் தொடங்கிய வேலை இது. கடையின் பெயர் வேண்டாம். மென்பொருளை நிறுவுவது, பில் வடிவம் அமைப்பது, பயிற்சி கொடுப்பது எல்லாம் எங்கும் ஒரே மாதிரிதான் நடக்கும், அதை இங்கே எழுதப் போவதில்லை. பொருட்களை எந்த வரிசையில் எதற்குக் கீழே எதை வைப்பது, அதாவது கிளை கிளையாக விரியும் பொருள் மரத்தை எப்படி வரைவது என்ற ஒரே விஷயத்துக்கு மட்டும் மூன்று மாதம் ஆனது, இரண்டு முறை வரைந்ததை அழித்துவிட்டு மூன்றாவதாக வரைந்தோம், அதைத்தான் விவரமாக எழுதுகிறேன்.

பழைய மரம்

டேலியில் சரக்கைப் பிரிக்க ஸ்டாக் குரூப், ஸ்டாக் கேட்டகிரி என்று இரண்டு வழி உண்டு. ஒரு பொருள் ஒரு குரூப்பில்தான் இருக்கும், அதேபோல ஒரு கேட்டகிரியில்தான் இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று குறுக்காகப் போகக்கூடியவை. குரூப்பில் பம்பு வகையையும் கேட்டகிரியில் பிராண்டையும் வைத்திருந்தால் முதலாளியின் கேள்விக்குப் பாதிப் பதில் அப்போதே கிடைத்திருக்கும். இந்தக் கடையில் கேட்டகிரியை யாரும் தொட்டதே இல்லை. எல்லாச் சுமையும் குரூப்பின் மேலேயே விழுந்திருந்தது.

அந்தக் குரூப்பின் மேல்மட்டம் என்னவென்றால், வரி விகிதம். “5% அயிட்டம்”, “12% அயிட்டம்”, “18% அயிட்டம்”. அதற்குக் கீழே பிராண்டு, பிராண்டுக்குக் கீழே பம்பு வகை, அதற்குக் கீழே எச்பி. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது அக்கா ஜிஎஸ்டிக்கு முந்தைய வாட் (மதிப்புக் கூட்டு வரி) காலத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். 2007 ஜனவரி 1 அன்று தமிழ்நாட்டில் வாட் வந்தபோது பெரும்பாலான சரக்கு 4 சதவீதம், 12.5 சதவீதம் என்று இரண்டு குவியலாக இருந்தது, மாதாமாதம் கணக்குக் கொடுக்க அந்த இரண்டு குவியலின் மொத்தம்தான் தேவைப்பட்டது, அதனால் குரூப்பையே அப்படிப் பிரித்துவிட்டார்கள். அன்றைக்கு அது நியாயமான முடிவு. 2011 ஜூலையில் 4 என்பது 5 ஆனது, 12.5 என்பது 14.5 ஆனது, பெயரை மாற்றினார்கள். 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி, மறுபடியும் மாற்றினார்கள். 2022 ஜூலை 18 அன்று தண்ணீர் இறைக்கும் மின் பம்புகளுக்கு 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் ஆனபோதுதான் அலுத்துப்போய்விட்டார்கள் போல. உள்ளே விகிதத்தை மட்டும் 18 என்று திருத்தினார்கள், “12% அயிட்டம்” என்ற பெயர் அப்படியே நின்றது.

அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பழைய ஆட்கள் புதுப் பம்பு வந்தால் வழக்கம்போல் 12-க்குக் கீழே போட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பையன் பில்லில் 18 என்று பார்த்து 18-க்குக் கீழே அதே பிராண்டின் பெயரில் இன்னொரு குரூப் தொடங்கினான். ஒரே கம்பெனியின் ஒரே வகைப் பம்பு இரண்டு இடத்தில். தவறு அந்தப் பையனுடையதே இல்லை, மரம் அவனுக்குச் சொன்னதைத்தான் அவன் செய்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். டேலியில் குரூப் உருவாக்கும்போது, அதில் உள்ள பொருட்களின் எண்ணிக்கையைக் கூட்டலாமா என்று ஒரு கேள்வி வரும். இங்கே ஒரே குரூப்பில் மீட்டரில் விற்கும் கேபிளும் எண்ணிக்கையில் விற்கும் ஸ்டார்ட்டரும் கலந்திருந்ததால் பல இடங்களில் கூட்ட வேண்டாம் என்று வைத்திருந்தார்கள். அதனால் அந்தக் குரூப்புகளில் மொத்தம் என்ற ஒன்றே வராது, ரூபாய் மட்டும்தான் வரும். சரக்கு மேலாண்மைக்குப் பயன்படாத ஒரு மரத்தைப் பல வருடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார்கள் என்று எனக்கு அன்றைக்கு வருத்தமாகவே இருந்தது.

முதல் வரைபடம், என் தவறு

வெள்ளைப் பலகையில் நான் வரைந்த முதல் மரத்தில் ஆறு படிகள். பம்பு, வகை, பேஸ் (சிங்கிள் பேஸ் மின்சாரமா திரீ பேஸா), எச்பி, பிராண்டு, மாடல். பார்க்க அழகாக இருந்தது, எல்லோரும் தலையாட்டினார்கள், முதலாளி போட்டோகூட எடுத்துக்கொண்டார். மோனோபிளாக் பிரிவை மட்டும் சோதனைக்காக ஏற்றிப் பார்த்தோம். நாலு நாளில் அது தாங்காது என்று தெரிந்துவிட்டது.

முதல் காரணம், கடைசிக் கிளைகளில் பாதிக்கு மேல் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. பெட்டிக்குள் பெட்டியாக ஐந்து பெட்டி திறந்து கடைசியில் ஒரு மாடல். பொருட்களைவிட குரூப்புகள் அதிகமாகிவிட்டால் அந்த மரத்துக்கு வேலையில்லை, பொருளின் பெயரையே ஆறு துண்டாக வெட்டி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம் ஆழமானது. எச்பியை நாலாவது படியில் வைத்தால், “ஒரு எச்பி எல்லாம் எவ்வளவு” என்று கேட்டால் ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு பேஸுக்கும் உள்ளே போய்ப் பொறுக்கிக் கூட்ட வேண்டும். எச்பியையும் பேஸையும் இடம் மாற்றினால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் சுலபம், “திரீ பேஸ் எல்லாம் எவ்வளவு” என்ற கேள்விக்குக் கஷ்டம். எப்படி அடுக்கினாலும் மேலே இருப்பதற்கு மட்டும்தான் மரம் நேராகப் பதில் சொல்லும், கீழே இருப்பது எல்லாம் சிதறும். பழைய மரத்தில் வரியும் பிராண்டும் மேலே, எச்பி சிதறல். என் மரத்தில் வகை மேலே, பேஸும் எச்பியும் பிராண்டும் சிதறல். அதே நோயை இடம் மாற்றி வைத்திருந்தேன்.

மூன்றாவது, உதிரிப் பாகம். தண்ணீர் கசியாமல் அடைக்கும் ஒரு மெக்கானிக்கல் சீல் பத்து மாடலுக்குப் பொருந்தும். அதை எந்த மாடலுக்குக் கீழே வைப்பது? கவுன்டரில் இருபது வருடத்துக்கு மேல் நிற்கும் ஒரு அண்ணன் அதற்கு உடனே ஒரு வழி கண்டுபிடித்தார்: “இதர”. சோதனை முடியும்போது “இதர” என்ற கிளை மற்ற எல்லாக் கிளைகளையும்விடப் பெரிதாக இருந்தது. அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு படிநிலை நன்றாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அழகான கிளைகளைப் பார்க்க வேண்டாம், “இதர”வுக்குள் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். மரம் எந்த இடத்தில் பொய் சொல்கிறது என்று அங்கே எழுதியிருக்கும்.

எச்எஸ்என் யோசனை

இரண்டாவது யோசனை அக்காவுடையது. அரசாங்கமே ஒரு படிநிலை கொடுத்திருக்கிறதே, எச்எஸ்என், வரிக்காக ஒவ்வொரு பொருளுக்கும் இருக்கும் குறியீட்டு எண், அதையே வைத்துக்கொள்ளலாமே என்றார். நல்ல கேள்விதான். இரண்டு இலக்கம் அத்தியாயம், நாலு இலக்கம் தலைப்பு, ஆறு இலக்கம் துணைத் தலைப்பு, எட்டு இலக்கத்தில் இந்தியாவின் சொந்தப் பிரிப்பு என்று ஒழுங்காகக் கிளை விரியும் அமைப்பு அது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் பில்லில் 6 இலக்கம் போட வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது, ஆகவே எப்படியும் ஒவ்வொரு பொருளுக்கும் அந்த எண் தேவை.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். பம்பு 8413. இம்பெல்லர் பம்பின் பாகம் என்பதால் அதே 8413-இல் உள்ளே. மெக்கானிக்கல் சீல் 8484-க்குப் போய்விட்டது. பேரிங் 8482. ரப்பர் வாஷர் 4016. கெபாசிட்டர் 8532. வைண்டிங் வயர் 8544. ஒரு வைண்டிங் கடைக்காரர் பழுதான மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு வந்து ஒரே மூச்சில் சீல், பேரிங், கெபாசிட்டர், வயர் என்று நாலும் கேட்பார். கடையில் அவை நாலும் பக்கத்துப் பக்கத்து அலமாரி. எச்எஸ்என் மரத்தில் நாலும் நாலு தலைப்பு. சுங்கத்துக்காக உலகச் சுங்க அமைப்பு வகுத்த பகுப்பு அது, ஒரு பொருள் எதனால் ஆனது, என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பது. யாருக்கு எதனோடு சேர்த்து விற்கிறோம் என்பது அதற்கு வேண்டாத விஷயம். போதாததற்கு 2017, 2022 என்று அதுவும் திருத்தப்பட்டுக்கொண்டே வருகிறது. எச்எஸ்என் பொருளின் விவரக் கட்டத்தில் ஒரு எண்ணாக இருக்கட்டும் என்று அக்காவே சொல்லிவிட்டார்.

கவுன்டரில் மூன்று நாள்

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் இந்த வேலையில் உருப்படியான காரியம். பலகையை விட்டுவிட்டு நோட்டோடு கவுன்டர் ஓரத்தில் மூன்று நாள் உட்கார்ந்தேன். வருகிறவர் என்ன சொல்லிக் கேட்கிறார், அண்ணன் திருப்பி என்ன கேட்கிறார், எந்தப் பக்கம் கை நீட்டுகிறார் என்று மட்டும் எழுதினேன்.

வருகிறவர் பம்பு என்று சொல்வதே இல்லை. “மோட்டார் வேணுங்க.” அண்ணனின் முதல் கேள்வி எச்பி இல்லை, பிராண்டும் இல்லை. “தண்ணி எங்கீங்க இருக்குது? கிணறா, போரா, தொட்டியா?” போர் என்றால், நாலரை இஞ்சா ஆறரை இஞ்சா. அப்புறம் எத்தனை அடி. அப்புறம் சிங்கிள் பேஸா திரீ பேஸா. எச்பி என்பது பல சமயம் அண்ணன் சொல்லும் பதில், வாங்க வந்தவர் கேட்கும் கேள்வி இல்லை. பிராண்டு ஒன்று முதலிலேயே வந்துவிடும், அவர் வீட்டில் ஏற்கெனவே அதுதான் ஓடுகிறது என்றால். இல்லையென்றால் கடைசியில் விலை சொல்லும்போது வரும். நடுவில் வந்ததை நான் பார்க்கவே இல்லை.

அதோடு ஒன்று புரிந்தது. தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதிலிருந்து பம்பின் வகை வருகிறது, அந்த வகை அந்தப் பம்பின் ஆயுள் முழுக்க மாறாது. போர்வெல் சப்மெர்சிபிள் ஒருநாளும் ஜெட் பம்பு ஆகாது. வரி மாறும், விலை மாறும், டீலர்ஷிப் போகும், வரும், ஒரு பிராண்டை இன்னொரு கம்பெனி வாங்கும். பொருளோடு பிறந்து பொருளோடு போகும் குணம், அதோடு கவுன்டரில் முதலில் கேட்கப்படும் குணம், இந்த இரண்டும் சேர்ந்தது மட்டும் மரத்துக்குள் வரட்டும், மற்றதெல்லாம் பொருளின் விவரக் கட்டங்களுக்குப் போகட்டும் என்று அன்று மாலை முடிவு செய்தோம்.

இப்போது இருக்கும் மரம்

வேரைச் சேர்க்காமல் இரண்டே படி. மேலே ஏழு கிளை: பம்பு செட், தனி மோட்டார், உதிரி, மின் கட்டுப்பாடு, கேபிள், பைப், பிட்டிங்கும் வால்வும். பம்பு செட்டுக்குக் கீழே மோனோபிளாக், செல்ப் பிரைமிங், ஓப்பன்வெல் சப்மெர்சிபிள், போர்வெல் சப்மெர்சிபிள், ஜெட், கம்பிரஸர் என்று ஆறு. செல்ப் பிரைமிங்கும் ஒருவகை மோனோபிளாக்தானே என்று பொறியியல் படித்தவர்கள் கேட்பார்கள், சரிதான், ஆனால் கவுன்டரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, வீட்டுக்கு வாங்குகிறவர் வேறு, தோட்டத்துக்கு வாங்குகிறவர் வேறு. கடையின் பேச்சையே வைத்துக்கொண்டோம். தரக் குறியீடும் பெரும்பாலும் இந்தப் பிரிப்போடு ஒத்துப்போகிறது: மோனோபிளாக்குக்கு ஐஎஸ் 9079, போர்வெல் சப்மெர்சிபிளுக்கு ஐஎஸ் 8034, ஓப்பன்வெல்லுக்கு ஐஎஸ் 14220.

இஆர்பிநெக்ஸ்டில் இந்த மரத்தை அயிட்டம் குரூப் என்கிறார்கள். உள்ளே அது எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு கிளைக்கும் இடது எண், வலது எண் என்று இரண்டு எண்கள் வைத்திருக்கும். பம்பு செட்டுக்கு 2, 15 என்றால் அதன் கீழுள்ள மோனோபிளாக்குக்கு 3, 4, அடுத்ததற்கு 5, 6 என்று ஆறு கிளையும் 3-க்கும் 14-க்கும் நடுவில் அடங்கிவிடும். பம்பு செட் முழுக்க எவ்வளவு ஸ்டாக் என்று கேட்டால் கிளை கிளையாக இறங்கித் தேடாமல், 2-க்கும் 15-க்கும் நடுவில் இருப்பதை எல்லாம் ஒரே வீச்சில் எடுத்துவிடும். தள்ளுபடி விதியும் அப்படியே, “பைப்” கிளைக்குப் போட்டால் அதன் கீழ் உள்ள எல்லாவற்றுக்கும் இறங்கும். பொருள் எல்லாம் கடைசிக் கிளையில்தான் இருக்க வேண்டும், நடுக் கிளையில் நேரடியாக எதையும் தொங்கவிடக் கூடாது என்பது நாங்களாக வைத்துக்கொண்ட விதி.

எஸ்ஏபி மாதிரி பெரிய மென்பொருட்களில் வேலை பார்த்த நண்பர்கள் இந்தச் சுதந்திரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அங்கே பழைய அமைப்பில் பொருள் படிநிலைக்கு மொத்தம் 18 எழுத்து, வழக்கமாக 5, 5, 8 என்று மூன்று படி, முதல் நாள் தீர்மானித்த அகலத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. எங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. கிளையைப் பிடித்து இன்னொரு கிளைக்குக் கீழே நகர்த்தலாம். ஆனால் நகர்த்த முடிகிறது என்பதற்காக யோசிக்காமல் தொடங்கலாம் என்று அர்த்தமில்லை, காரணம் கீழே வருகிறது.

மரத்துக்கு வெளியே போனவை

பிராண்டுக்கு இஆர்பிநெக்ஸ்டில் தனிக் கட்டமே இருக்கிறது. எச்பி, பேஸ், டெலிவரி அளவு, ஸ்டேஜ் எண்ணிக்கை என்று நாலு கட்டங்களை நாங்கள் சேர்த்தோம். எச்பி கட்டத்தில் யாரும் கையால் எழுதக் கூடாது, பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும்: 0.5, 0.75, 1, 1.5, 2, 3, 5, 7.5. பக்கத்திலேயே கிலோவாட்: 0.37, 0.55, 0.75, 1.1, 1.5, 2.2, 3.7, 5.5. கம்பெனி பில்லில் எது இருந்தாலும் ஒன்றைத் தேர்ந்தால் மற்றது தானாக வந்துவிடும். இந்தப் பட்டியலில் 0.75 இரண்டு பக்கமும் இருப்பதைக் கவனியுங்கள், முக்கால் எச்பியும் முக்கால் கிலோவாட்டும். முதலாளியின் கேள்விக்குத் தப்பான பதில் வந்ததற்கும், ஒருமுறை பொள்ளாச்சிக்கு அளவு மாறிப் பம்பு போனதற்கும் இந்த 0.75-தான் காரணம்.

வரி, பொருளோடு இணைத்த வரி வார்ப்புருவில் இருக்கிறது. அதில் எந்தத் தேதி முதல் செல்லும் என்று ஒரு கட்டம் உண்டு, விகிதம் மாறினால் புது வரியைப் புதுத் தேதியோடு சேர்த்தால் போதும். மரத்துக்கு அது தெரியவே வேண்டாம்.

பைப்பை மட்டும் வேறு மாதிரி கையாண்டோம். ஐஎஸ் 4985 பிவிசி பைப்பை எடுத்துக்கொண்டால் அளவும் அழுத்த வகுப்பும்தான் மாறுகின்றன: 20, 25, 32, 40, 50, 63 மில்லிமீட்டர், நாலு கிலோ, ஆறு கிலோ, பத்து கிலோ. இதற்கு ஒரு மூலப் பொருள் உருவாக்கி, அளவு, வகுப்பு என்ற இரண்டு பண்புகளை வைத்து மாற்றுருக்களை மென்பொருளே உண்டாக்கும்படி விட்டோம். அளவை எண் வரம்பாகக் கொடுக்க முடியாது, 20-க்கும் 25-க்கும் இடைவெளி 5, 25-க்கும் 32-க்கும் 7, சீரான படி இல்லை, ஒவ்வொரு அளவையும் தனித்தனியாகப் பட்டியலிட வேண்டும். பம்புக்கு இந்த முறையை நான் மறுத்துவிட்டேன். ஒரே எச்பி, ஒரே பேஸ் உள்ள இரண்டு மாடல்களுக்கு ஹெட்டும் (தண்ணீரைத் தூக்கும் உயரம்) டிஸ்சார்ஜும் (வெளியே தள்ளும் அளவு) வேறு, கம்பெனி கொடுக்கும் மாடல் எண்ணும் வேறு. பண்புகளைச் சேர்த்தால் பொருள் கிடைத்துவிடும் என்ற நிலைமை அங்கே இல்லை.

உதிரிக்கு “பொருந்தும் மாடல்கள்” என்று ஒரு சிறு அட்டவணை சேர்த்தோம். சீல் ஒரே இடத்தில், உதிரிக் கிளையில் சீல் என்ற கிளைக்குள் இருக்கும். எந்தெந்தப் பம்புக்குப் பொருந்தும் என்பது அந்த அட்டவணையில். இதை நிரப்பியது முழுக்க அந்தக் கவுன்டர் அண்ணன்தான், தலையில் இருந்ததை ஒரு மாதம் மாலை மாலை சொல்லச் சொல்ல அந்தப் பையன் ஏற்றினான். இந்த வேலையிலேயே மதிப்பு மிக்க பகுதி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பொருள் குறியீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. குறியீட்டுக்குள்ளேயே வகை, பிராண்டு, எச்பி எல்லாவற்றையும் அடைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நாளைக்கு ஒன்று மாறினால் குறியீடு பொய் சொல்லும், ஆனால் பழைய பில், அலமாரி ஸ்டிக்கர் எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் வரிசை எண் கொடுத்தோம். தேடுவதற்குப் பெயரும் விவரமும் இருக்கின்றன, விவரத்தில் “மோட்டார்” என்ற சொல்லையும் எல்லாப் பம்பிலும் சேர்த்துவிட்டோம், ஏனென்றால் அவசரத்தில் விரல் அதைத்தான் தட்டும்.

மாற்றிய நாள்

2024 ஏப்ரல் 1 அன்று புது மென்பொருளில் முதல் பில் போட்டோம். நிதியாண்டின் முதல் நாள் என்பது வசதிக்காக மட்டும் இல்லை. இஆர்பிநெக்ஸ்டில் விற்பனை பில்லின் ஒவ்வொரு வரியிலும் அந்த நேரத்தில் அந்தப் பொருள் எந்தக் குரூப்பில் இருந்ததோ அதுவும் சேர்ந்து பதிவாகும். கிளையின் பெயரை மாற்றினால் பழைய வரிகளிலும் மாறிவிடும், பிரச்சினை இல்லை. ஆனால் ஒரு பொருளை ஒரு கிளையிலிருந்து எடுத்து இன்னொரு கிளையில் வைத்தால் பழைய பில் வரிகள் பழைய கிளையையே சொல்லும். பொருளைப் பார்த்துக் கணக்கிடும் அறிக்கை ஒன்று சொல்லும், பில் வரியைப் பார்த்துக் கணக்கிடும் அறிக்கை வேறொன்று சொல்லும். எஸ்ஏபியிலும் ஆர்டர் வரியில் படிநிலை நகலாகி நின்றுவிடும், இதே கதைதான். அதனால் வருட நடுவில் பொருட்களைக் கிளை மாற்றுவது என்பது கடந்த மாதங்களின் ஒப்பீட்டைக் குலைப்பது. முதல் ஆண்டில் நாங்களும் இதில் ஒருமுறை மாட்டினோம்: போருக்குள் பம்பைத் தாங்கித் தண்ணீரை மேலே கொண்டுவரும் “காலம்” (column) பைப்பைப் பைப் கிளையிலிருந்து பம்பு உதிரிக்கு மாற்றச் சொல்லி ஜூலையில் கேட்டார்கள், அடுத்த ஏப்ரல் வரை பொறுக்கச் சொன்னேன், பொறுக்கவில்லை, அந்தக் காலாண்டின் பைப் விற்பனை விழுந்துவிட்டது போலத் தெரிந்து முதலாளி பதறிப்போய் போன் செய்தார்.

அலகையும் முதலிலேயே சரிபார்த்தோம். எச்டிபிஇ பைப் சுருளாக வரும், மீட்டரில் விற்கும். இருப்பு அலகை மீட்டர் என்று வைத்து, வாங்கும்போது சுருளுக்கு எத்தனை மீட்டர் என்ற மாற்றுக் கணக்கைக் கொடுத்தோம். பரிவர்த்தனை ஓடத் தொடங்கிவிட்டால் இருப்பு அலகை மாற்ற மென்பொருள் விடாது. பம்புகளுக்கு வாரண்டிக்காகச் சீரியல் எண் வேண்டுமா என்பதும் அப்படித்தான், சரக்கு நகர்ந்த பிறகு முடிவு செய்கிற விஷயம் இல்லை.

புதுக் கிளை உருவாக்கும் அனுமதி அக்காவுக்கும் அண்ணனுக்கும் மட்டும். மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால் “பிரிக்காதவை” என்ற ஒரே கிளை இருக்கிறது, அதில் போடலாம், யாரும் கோபிக்க மாட்டார்கள். சனிக்கிழமை மாலை கடை அடைக்கும் முன் இருவரும் உட்கார்ந்து அதைக் காலி செய்ய வேண்டும். முதல் சில வாரம் நீளமாக இருந்தது, பிறகு ஒன்று இரண்டு என்று குறைந்தது.

முதலாளியின் அந்தக் கேள்விக்கு இப்போது மோனோபிளாக் கிளையைத் தேர்ந்து, எச்பி 1 என்று வடிகட்டினால், மூன்று இடத்து இருப்பும் பிராண்டு வாரியாக வந்து நிற்கிறது. அவரே போனில் பார்த்துக்கொள்கிறார்.

சோலார்

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டியில் 12 சதவீத அடுக்கே எடுக்கப்பட்டது. அன்றைக்குப் பழைய மரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அக்கா சொல்லிக்கொண்டே நாலைந்து வரி வார்ப்புருக்களில் புதுத் தேதியைச் சேர்த்தார், மரத்தில் ஒரு இலைகூட அசையவில்லை. சூரிய சக்திக் கருவிகளுக்கு வரி 12-இலிருந்து 5 ஆனதும் அப்போதுதான், அதற்குக் கொஞ்ச நாள் கழித்துக் கடைக்குச் சோலார் பம்புகள் வந்து இறங்கின.

பையன் மேல்மட்டத்தில் “சோலார்” என்று புதுக் கிளை வேண்டும் என்று கேட்டான். வரி வேறு, கம்பெனி வேறு, மானியக் காகிதம் வேறு, அவன் கேட்டதில் தப்பில்லை. நான் அன்றைக்கு வேறொரு வேலையாக அங்கே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் கேட்டார், “இத எங்கடா இறக்கறது? கிணத்துலயா, போர்லயா?”

“போர்லண்ணா.”

“அப்ப போர்வெல் சப்மெர்சிபிள்லயே போடு. சோலாருங்கறத பேஸ் கட்டத்துல எழுது.”

பேஸ் கட்டத்தின் பெயரை அன்றே “மின்சாரம்” என்று மாற்றிக் கொடுத்தேன், பட்டியலில் சிங்கிள் பேஸ், திரீ பேஸ் என்பதோடு சோலார் டிசி என்று மூன்றாவது ஒன்று சேர்ந்தது. கூட வந்த கன்ட்ரோலர் பெட்டிகள் சனிக்கிழமை மின் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டன. பேனலுக்கு மட்டும் இன்னும் இடம் முடிவாகவில்லை, இரண்டு வாரமாகப் “பிரிக்காதவை”யில் இருக்கிறது, அக்காவும் அண்ணனும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.